திருப்பி அழைத்துக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகத்தில் ஒரு சந்தேகமான மெயில் வந்தால் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "உனக்கும் வந்ததா?" என்று கேட்டுவிடுவோம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த நாற்காலி இல்லை. தனியாகவே முடிவெடுக்கிறார். மோசடிக்காரர்களுக்கு அதுதான் வசதி.

2020 ஜூலையில் ட்விட்டரில் நடந்ததைப் பாருங்கள். கொரோனாவால் ஊழியர்கள் வீட்டில் இருந்தார்கள். அலுவலகக் கணினிகளோடு இணைக்கும் விபிஎன் அடிக்கடி தகராறு செய்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, "ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் பிரச்சினையைச் சரிசெய்கிறோம்" என்று போன் வந்தது. சிலர் சந்தேகப்பட்டுப் புகார் சொன்னார்கள். சிலர் நம்பிவிட்டார்கள். அசல் போலவே இருந்த போலிப் பக்கத்தில் அவர்கள் பாஸ்வேர்டை அடிக்க அடிக்க, அதையே மோசடிக்காரர்கள் அசல் தளத்தில் அடித்தார்கள். "உள்ளே நுழைவது நீங்கள்தானா?" என்று கேள்வி வந்தபோது, ஊழியர்களே ஆம் என்று அனுமதித்தார்கள். அப்புறம் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றவர்களின் கணக்குகளிலிருந்தே பிட்காயின் மோசடிப் பதிவுகள் வெளியாயின்.

ஏமாந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையிலேயே இருந்த ஒரு தொல்லையைச் சொல்லித்தானே அழைத்தார்கள்! அதனால் நிறுவனம் நடத்துபவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. யார் அழைத்தாலும், முதலாளியே அழைத்தாலும், "வைத்துவிடுங்கள், நானே திருப்பி அழைக்கிறேன்" என்று சொல்லும் உரிமையை ஊழியருக்குக் கொடுங்கள். திருப்பி அழைக்க வேண்டிய எண் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக யாரும் அவரிடம் எரிந்து விழக் கூடாது. முடிந்தால் கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியையும் வாங்கிக் கொடுங்கள். அது அசல் தளத்தின் முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். போலிப் பக்கத்தில் பலிக்காது.

வீட்டு ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது, அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது, அலுவலக லேப்டாப்பைப் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கொடுக்காமல் இருப்பது, இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். செய்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2021-இல் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. பாஸ்வேர்டு ஒன்றே அதற்குக் காவல். இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. நாட்டின் கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருளில் ஏறக்குறைய பாதியைச் சுமக்கும் குழாய் பல நாள் நின்றது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கணினிகளை முடக்கிய திருடர்களுக்குப் பிணைத்தொகையாகப் போனது.

வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பைத் திருப்பி வாங்குகிறோம். அவருடைய கணக்கை அன்றே மூடுகிறோமா? சம்பளப் பட்டியலையும் விபிஎன் கணக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர் விபிஎன் பட்டியலில் இருந்தால், அந்தக் கணக்கு யாருடையது என்று இன்றே விசாரியுங்கள்.

வணக்கம்.