தொப்பியில் மூன்று ஓட்டை

தலைவர் அவர்களே, அந்தப் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வராததால் மூன்றாம் ஆண்டாகச் சுமந்துகொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, இந்த அரங்கத்தின் வாடகையைத் தன் பையிலிருந்து கொடுத்த மருத்துவர் ஐயா அவர்களே (பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்; முன்வரிசையில் நீலச் சட்டையில் இருக்கிறார்), ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து நம் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லித்தரும் ஆசிரியைகளே, பின்னால் சாம்பார் அண்டாவுக்குக் காவல் நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய அம்மையார் என் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நல்ல பேச்சு, அதனால் வருத்தமில்லை.

‘நாம் வாழும் ஒஹையோவின் வீரர்கள்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஜானி கிளெம். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அவர் வாழ்க்கை. இரண்டு, அதில் எது நடந்தது, எது கதை. மூன்று, பட்டாளத்தில் அவர் பிற்காலத்தில் செய்த, யாருமே பேசாத வேலை.

இங்கே கொலம்பஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் நியூவார்க். நியூஜெர்சியில் இருப்பது வேறு, இது நம்முடையது. அங்கே கிளெமுக்குச் சிலை உண்டு, அவர் பெயரில் தொடக்கப் பள்ளியும் உண்டு. 1851 ஆகஸ்ட் 13 அன்று அந்த ஊரில் பிறந்தார். 1861-இல் அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டில்தான் அவருடைய அம்மா ரயில் விபத்தில் இறந்துபோனார். அப்புறம்தான் பையன் வீட்டை விட்டு ஓடினான்.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். அம்மா போனாள், பையன் ஓடினான். சங்கப் பாட்டில் ஒரு தாய், ஒரே மகனின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் அவளைப் பாடுகிறோம். இந்தப் பையனுக்கு எண்ணெய் தடவ ஆளில்லை. ‘இளங்கன்று பயமறியாது’ என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பழமொழி பாதியைத்தான் சொல்கிறது. கன்று பயமறியாது, சரி. பக்கத்தில் நிற்கும் பசுவுக்குப் பயம் தெரிய வேண்டாமா?

ஓர் ஒஹையோ படைப்பிரிவு அவனைப் பார்த்துச் சிரித்துத் திருப்பி அனுப்பியது. 22-ஆவது மிச்சிகன் காலாட்படையும் முதலில் வேண்டாம் என்றது. பையன் விடவில்லை, பின்னாலேயே நடந்தான். கடைசியில் டிரம் அடிக்கும் பையனாக வைத்துக்கொண்டார்கள். படைப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் அதிகாரிகளே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மாதம் 13 டாலர் கொடுத்தார்கள். ஒரு முழுச் சிப்பாயின் சம்பளம் அது. டிரம் அடிப்பது என்றால் ஊர்வலத்தில் முன்னால் போவது என்று நினைத்துவிடாதீர்கள். எழுப்புவதற்கு, கூட்டுவதற்கு, முன்னேறுவதற்கு, பின்வாங்குவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. சண்டை ஓய்ந்தால் காயம்பட்டவர்களைத் தூக்குவதும் இந்தப் பையன்களின் வேலைதான்.

1863 செப்டம்பரில் ஜார்ஜியாவில் சிக்கமாகா போர். அதற்கு அவன் கையில் ஒரு மஸ்கட் துப்பாக்கி இருந்தது. பையன் உயரத்துக்குத் தக்கபடி குழலை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுத்தது. பையன் வளரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை, துப்பாக்கியைக் குறைத்துவிட்டார்கள். சரணடையச் சொல்லி மிரட்டிய தென்மாநிலப் படைக் கர்னல் ஒருவரைச் சுட்டான், தொப்பியில் மூன்று குண்டு துளைத்திருந்தது என்பது கதை. சார்ஜெண்ட் ஆக்கினார்கள். வயது 12.

அடுத்த மாதமே ரயிலுக்குக் காவல் போனபோது எதிரிகளிடம் மாட்டிக்கொண்டான். உடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் அதிகம் வருந்தியது அந்தத் தொப்பி போனதற்காகத்தானாம், மூன்று ஓட்டை போட்ட தொப்பி! பன்னிரண்டு வயதுப் பையன் வேறு எதற்கு வருந்துவான்? பம்பரம் தொலைந்தாலும் இதே அழுகைதான். குழந்தைகளைச் சண்டைக்கு அனுப்பும் நிலைக்கு வடக்கு வந்துவிட்டது என்று தென்மாநிலப் பத்திரிகைகள் அவனைக் காட்டிக் கேலி பேசின. இந்தப் பக்கம் வீரன், அந்தப் பக்கம் கேலிப்பொருள். அவனை யார் கேட்டார்கள்?

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

ஒரு வருடம் மாறுவேடப் போட்டிக்கு நான் நடுவர். ஐந்து வயதுக் கட்டபொம்மன் ஒருவன் மேடைக்கு வந்தான். பட்டு வேட்டி, தலைப்பாகை, கண் மையில் வரைந்த முறுக்கு மீசை, அதில் பாதி வியர்வையில் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. எல்லாம் சரி, கையில் வாளுக்குப் பதில் பிளாஸ்டிக் இயந்திரத் துப்பாக்கி! விசையை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து டட்டட்டட் என்கிறது. ‘கிஸ்தி, திரை, வரி’ என்று ஆரம்பித்தவன் வசனத்தை மறந்து, அம்மாவைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கடைசியில் நடுவர்களைப் பார்த்துச் சுட்டான். முதலில் நான்தான் செத்தேன். அரங்கம் அதிரச் சிரித்தது. என்னம்மா இது என்று அவன் தாயைக் கேட்டேன். “வாள் கிடைக்கல அங்கிள், அவன் அண்ணனோடது வீட்டுல இருந்தது” என்றார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நான் அன்று என்ன செய்தேன் தெரியுமா? முதல் பரிசு கொடுத்தேன். இளங்கன்று பயமறியாது என்று மைக்கில் வேறு சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கார் நின்ற பிறகு கேட்டாள்: “கிளீவ்லாந்து ஞாபகம் இல்லையா உங்களுக்கு?” 2014 நவம்பரில், இதே மாநிலத்தில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கிளெம் சார்ஜெண்ட் ஆன அதே வயது.

அன்றிலிருந்துதான் இந்தச் சங்கத்தில் ஒரே கோரிக்கையோடு அலைகிறேன். நம் மாறுவேடப் போட்டியில் துப்பாக்கி வேண்டாம். பொம்மையும் வேண்டாம், அட்டையில் செய்ததும் வேண்டாம். போன செயற்குழுவில் “அப்படியானால் வாள்?” என்று ஒருவர் கேட்டார். வாளைப் பற்றி அடுத்த ஆண்டு பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷைலோ போரில் குண்டு விழுந்து இவருடைய டிரம் சிதறியது, அதனால் ‘ஜானி ஷைலோ’ என்று பெயர் வந்தது என்பார்கள். ஷைலோ நடந்தது 1862 ஏப்ரலில். 22-ஆவது மிச்சிகன் படை அமைந்ததே அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். கணக்கு உதைக்கிறது. ஊருக்கு வீரன் வேண்டியிருந்தான், டிரம் உடைந்துவிட்டது.

1864-இல், 13 வயதில், படையை விட்டு வந்தார். பள்ளிக்கூடம் போனார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேறவில்லை. படிக்க வேண்டிய வயதில் டிரம் அடித்தவர் எப்படித் தேறுவார்? கடைசியில் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1871-இல் நேரடியாகவே அதிகாரியாக நியமித்தார். 1915-இல் ஓய்வு பெற்றபோது, உள்நாட்டுப் போரில் இருந்தவர்களில் அமெரிக்க ராணுவப் பணியில் மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர்தான். 1937-இல் டெக்சஸில் காலமானார், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம். பின்னாளில் அவர் பார்த்தது பெரும்பாலும் படைக்குத் தளவாடம் சேர்க்கும் வேலை. சோறு, துணி, கூடாரம். இதுதான் என் மூன்றாவது விஷயம். குறிப்பு நான்கு பக்கம் இருக்கிறது. ஆனால் தலைவரிடமிருந்து சீட்டு வந்துவிட்டது.

ஒன்று மட்டும். 18 வயது நிரம்பாதவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது என்ற ஐ.நா. உடன்படிக்கை 2002 பிப்ரவரி 12-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவும் அதை ஏற்றது. இருந்தும் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் இங்கே 17 வயதிலேயே விரும்பிச் சேரலாம். கையெழுத்து பசுவின் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் என் மனு இருக்கிறது. இதுவரை 31 கையெழுத்து. முதல் கையெழுத்து அந்தக் கட்டபொம்மனின் தாயாருடையது. சாப்பிடப் போகுமுன் போட்டுவிட்டுப் போங்கள், கையில் சாம்பார் பட்டால் தாள் வீணாகிவிடும். பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை இரண்டு பேனா காணாமல் போனது. வணக்கம்.