பிள்ளையைத் தாங்கும் கையைத் தாங்குவது யார்?

(சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பெற்றோர், பால்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், மகளிர் குழுவினர் வந்திருந்தார்கள்.)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும்போது, கைக்குழந்தையோடு வந்திருக்கும் அம்மாக்களுக்கு முதல் நன்றி. குழந்தை அழுதால் அழட்டும். யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம்.

குழந்தைப் பாதுகாப்பு என்று கூட்டம் போட்டால், பேச்சு பெரும்பாலும் ஆபத்துகளில்தான் தொடங்கும். அடி, பட்டினி, பாலியல் கொடுமை, குழந்தைத் திருமணம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு எப்போது போன் செய்வது. எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் குடும்ப ஆலோசகராக வேலை செய்கிற எனக்கு ரொம்ப நாளாக இன்னொரு கேள்வி உண்டு. ஒரே தெரு, ஒரே வருமானம், ஒரே மாதிரிக் கஷ்டம். ஒரு வீட்டில் பிள்ளை துவண்டு போகிறது. பக்கத்து வீட்டில் பிள்ளை நன்றாக வளர்கிறது. அந்தப் பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டுப் பார்த்தவர் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர். ஹவாயில் காவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் அங்கே நிறைய. 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அவர்களுடைய குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பிறப்பிலிருந்தே பல சுமைகள்: வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத சண்டை, அப்பாவின் குடி, அம்மாவின் மனநோய். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் வளரும்போது சிக்கலில் மாட்டினார்கள், உண்மை. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அடுத்தவர் மேல் அக்கறையும் உள்ள மனிதராக வளர்ந்து நின்றார்.

அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, விடாமல் கூட நின்ற ஒரு பெரியவர். அது அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, மூத்த அக்கா, ஒரு டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர். பதின்ம வயதில் தடம் மாறிய பிள்ளைகளிலும் பலர் முப்பதுகளில், ஒரு நல்ல வேலையோ படிப்போ துணையோ கிடைத்ததும், திரும்பி வந்தார்கள். பத்தாவது படிக்கும் பையனை நினைத்துக் கவலையோடு இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடத்திய ஓர் ஆய்வை ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998இல் வெளியிட்டார்கள். சிறுவயதில் பட்ட துன்பங்கள் எந்த அளவுக்குக் கூடுகின்றனவோ, அந்த அளவுக்குப் பிற்காலத்தில் இதயநோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் எல்லாம் கூடுகின்றன என்று அது காட்டியது. இதை வைத்து யாரும் தன் பிள்ளை பட்ட துன்பங்களை எண்ணி மதிப்பெண் போட்டுப் பயப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாகப் பொருந்துகிற கணக்கு தனி ஒரு பிள்ளையின் தலையெழுத்து ஆகிவிடாது. அந்தத் தலையெழுத்தை மாற்றக்கூடியவற்றைத்தான் காக்கும் காரணிகள் என்கிறார்கள்.

வாஷிங்டனில் இருக்கும் சமூகக் கொள்கை ஆய்வு மையம் ஒன்று 2000க்குப் பிறகு இவற்றை ஐந்தாகத் தொகுத்தது. பெற்றோரின் மனத்திடம், அக்கம்பக்கத்து உறவு, பிள்ளை வளர்ச்சி பற்றிய அறிவு, அவசரத்துக்குக் கிடைக்கும் கைக்கு எட்டிய உதவி, பிள்ளை தன் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுக்கொள்வது. இந்தப் பட்டியலைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த இடம். புதிதாக ஓர் அலுவலகம் திறந்து ‘கஷ்டப்படுகிறவர்கள் வாருங்கள்’ என்று போர்டு மாட்டவில்லை. குடும்பங்கள் தினமும் வந்து போகிற குழந்தைகள் காப்பகங்களிலேயே இந்த வேலையைத் தொடங்கினார்கள். நமக்கு அது பால்வாடி.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த எத்தனையோ குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தள்ளிக் கொண்டுபோய்க் குடிவைத்திருக்கிறோம். அப்படிப் போன ஓர் அம்மாவின் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டு வேலைக்குப் போகிறவர். ஆற்றங்கரையில் இருந்தபோது விடிகாலையில் தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிப் போய், எதிர்வீட்டில் இட்லி சுட்டு விற்கிற ஆயா பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுக் கிளம்புவார். பிள்ளை எழுந்ததும் ஆயா முகம் கழுவிவிட்டு, ஆறின இட்லியைச் சர்க்கரை தொட்டு ஊட்டி, பால்வாடி திறந்ததும் கொண்டுபோய் விட்டுவிடும். இதற்குக் கூலி கிடையாது. ஆயாவுக்கு உடம்பு முடியாத நாளில் இந்த அம்மா மாவாட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு எட்டு மாடிக் கட்டடத்தில் மேல்மாடியில் வீடு. உள்ளேயே கழிப்பறை, வெள்ளத்துக்குப் பயமில்லை. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயாவுக்குக் குலுக்கலில் வேறு எங்கேயோ வீடு விழுந்தது. வேலையோ பழைய இடத்தில்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அவருக்குப் பெரிய உதவி. ஆனால் போக வர ஆகிற நேரம் ஆகத்தான் செய்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மூத்த பெண் வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். கதவுக்கு வெளியே பூட்டு.

நான் போனபோது அந்தப் பையன் கிரில் இடுக்கு வழியாக ஓர் எவர்சில்வர் ஸ்பூனை வெளியே நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கையை நீட்டினான், கொடுத்தேன். மறுபடி நீட்டினான். நான் இடது கையில் வாங்கியதும் சிரித்தான். அக்கா பின்னால் நின்று, “அத்தைக்கு டாட்டா சொல்லுடா” என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்பூன் விளையாட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளையில் ஒரு விநாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்கிறது ஹார்வர்டின் குழந்தை வளர்ச்சி மையம். அவற்றைக் கெட்டிப்படுத்துவது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். பிள்ளை ‘ஆ’ என்றால் நாமும் ‘ஆ’ என்பது, காக்காயைக் காட்டினால் ‘ஆமா, காக்கா’ என்பது. கேட்டுப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வீட்டில் அந்த ஆள் எட்டு வயதுப் பெண். அவளுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

‘பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போகலாமா?’ என்று அந்த அம்மாவைக் கேட்பது சுலபம். அது அவருக்குத் தெரியாதா? பஸ்ஸில் நிற்கிற நேரமெல்லாம் அவருக்கு அதே நினைப்புதான். வீடுகளை ஒதுக்கிய நாம் அக்கம்பக்கத்தை ஒதுக்கித் தரவில்லை. ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே தளத்தில் வீடு கொடுத்திருக்கலாம். குடும்பங்கள் வந்து இறங்கும் நாளிலேயே பால்வாடி திறந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிற அம்மா திரும்பி வரும் வரை அது திறந்திருக்க வேண்டும். இனி எந்த ஆற்றங்கரையிலிருந்து ஒரு குடும்பத்தை எழுப்பினாலும் இதைக் கேட்டு வாங்குவது நம் எல்லோருடைய பொறுப்பு.

இது ஏழை வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கண்ணகி நகர் பக்கத்து அதே ஓ.எம்.ஆர். சாலையில், ஐ.டி. கம்பெனிகளுக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டுகளிலிருந்தும் என்னிடம் வருகிறார்கள். பெற்றவர்கள் மதுரையிலோ கோவையிலோ இருப்பார்கள்; கணவர் ராத்திரி ஷிஃப்ட்; பிள்ளைக்கு ஒரு வாய் இறங்க வேண்டுமானால் போனில் பாட்டு ஓட வேண்டும். 2017இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள்; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். சட்டம் நல்ல சட்டம். உங்கள் கம்பெனியில் காப்பகம் எங்கே என்று மனிதவளத் துறையிடம் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் கேட்டால் சங்கடம், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

அடுத்தது, நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. பெற்றவளின் மனசு.

பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும், பிள்ளையைப் பார்த்தால் பாசம் வருவதற்குப் பதில் பயம் வரும். வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘பச்சை உடம்புக்காரி அழக்கூடாது.’ ‘நாங்கள் எல்லாம் நாலு பெறவில்லையா?’ அவள் வாயை மூடிக்கொள்வாள். பிள்ளை ‘ஆ’ என்னும்போது பதில் சொல்லவும் அவளிடம் தெம்பு இருக்காது. இது திமிரும் இல்லை, பாசக் குறைவும் இல்லை. குணமாகிற நோய்.

தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள்: ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். அந்தச் சோர்வு பெரும்பாலும் தலைகாட்டுகிற அதே காலத்தில் அந்தத் தாய் மூன்று முறை தானாகவே நம் முன்னால் வந்து உட்காருகிறாள். குழந்தையை எடை போடுகிறோம், ஊசி போடுகிறோம், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்புகிறோம். செவிலியர் சகோதரிகளே, பால்வாடி அக்காக்களே, உங்கள் மேல் எவ்வளவு வேலை ஏற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நிரப்ப வேண்டிய ரிஜிஸ்டரும் அப்புறம் மொபைல் ஆப்பும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். எடையை எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, “நீ சாப்பிட்டியாம்மா? தூங்க முடியுதா? மனசு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால், அவரிடம் பிள்ளையைக் கொடுத்து வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பதில் கலங்கலாக வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

அப்பாக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குடி இருக்கிற வீட்டில் பிள்ளை சாயங்காலம் ஆறு மணியிலிருந்தே வாசல் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று கண்டுபிடித்துவிடும். அந்த நிலையில் அதற்கு வாய்ப்பாடு ஏறாது. குடியை விடுவதற்குச் சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனைகளிலேயே உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. குடிக்காத அப்பாக்களுக்கும் வேலை இருக்கிறது: பிள்ளையைக் குளிப்பாட்டுங்கள், ஊட்டுங்கள், ராத்திரி ஒருமுறையாவது நீங்கள் எழுந்திருங்கள். அம்மா தூங்குகிற அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைக்குத்தான் நன்மை.

கைக்கு எட்டிய உதவி என்பதில் இந்த ஊர் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. காமராஜர் காலத்தில் அது மாநிலம் முழுக்கப் போனது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் வந்தது. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகு பாடம் என்று இங்கே எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு.

ஆனால் உதவி இருப்பது வேறு, அது வீடு வந்து சேர்வது வேறு. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவர், இவர்களுடைய பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கியவர்களை எண்ணினேன், ரொம்பக் குறைவு. தெரியாததால் என்ன நடக்கிறது? அப்படிப்பட்ட ஓர் அம்மா தண்டல்காரரிடம் கடன் வாங்குகிறார். தினமும் வசூலுக்கு ஆள் வருகிறார். அவர் வருகிற நேரத்தில் பிள்ளையை ‘அம்மா வீட்டில் இல்லை’ என்று சொல்லச் சொல்கிறார்கள். கடன் பயத்தைப் பிள்ளையும் சேர்த்துச் சுமக்கிறது. எந்தப் படிவம், எந்தச் சான்றிதழ், எந்த ஜன்னல் என்று தெரிந்தவர் ஒருவர் அந்த அம்மாவோடு ஒரு காலைப்பொழுது கூடப் போனால் போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும். மகளிர் குழுக்காரர்கள் இதைப் பிரமாதமாகச் செய்வீர்கள்.

பிள்ளை வளர்ப்பு அறிவைப் பற்றிச் சுருக்கமாக. ‘அடியாத மாடு படியாது’ என்பதை விட்டுவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. வீட்டில் மட்டும் அது எப்படி நல்லதாகும்? இரண்டு வயதில் தரையில் புரண்டு அழுகிற பிள்ளை நம்மைப் பழிவாங்கவில்லை. அடக்கத் தெரியாத ஆத்திரம், அவ்வளவுதான். ‘கோவம் வந்துடுச்சா? பொம்மை உடைஞ்சு போச்சுன்னு கோவமா?’ என்று நாம் சொல்லிக் கொடுத்தால், நாலு வயதில் அதுவே வாயால் சொல்லும். போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆனால் தனியாகச் சமைத்து, துவைத்து, வேலைக்கும் ஓடுகிற பெண்ணிடம் இந்தக் கணக்கை மட்டும் நீட்டிவிட்டுப் போகாதீர்கள். அரை மணி நேரம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்த நூலகக் கூடம் சனிக்கிழமை மதியம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. நூலகர் அம்மாவிடம் பேசியிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இந்த வட்டாரத்து அம்மாக்கள் பிள்ளைகளோடு இங்கே வந்து உட்காரட்டும். சொற்பொழிவு வேண்டாம். டீ, பாய், நாலு பொம்மை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளிர் குழுவிலிருந்து ஒருவர் படிவங்கள் நிரப்ப வேண்டும். அப்பார்ட்மென்ட் சங்கங்கள் டீச் செலவை ஏற்க வேண்டும். கதவுப் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். இப்போது கேள்விகள். பின்வரிசையில் இருக்கிற பால்வாடி அக்காக்கள் முதலில் பேசட்டும்.