ராபின்சன்ஸ் மூடப்பட்டபோது

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ராபின்சன்ஸ் பேரங்காடி 2020 அக்டோபர் 30 அன்று தன் கடைகளை மூடப்போவதாக அறிவித்தபோது, இணைய வணிகமும் கிருமித்தொற்றுமே அதை வீழ்த்தின என்று பலரும் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு என்றாலும், அந்நிறுவனம் அதற்கு முன்பு தாங்கிய இடர்களை எண்ணிப் பார்க்கும்போது அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

1858இல் பிலிப் ராபின்சன் ஒரு பங்காளியுடன் சேர்ந்து தொடங்கிய கடை அது. ராபின்சன் ரோடு இக்கடையின் பெயரைத் தாங்கியது என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். அந்தப் பெயர் ஆளுநராக இருந்த வில்லியம் ராபின்சனுடையது. 1941 டிசம்பரில் ராஃபிள்ஸ் பிளேஸில் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் கடை சேதமுற்றது. போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. 1955இல் தன் நெடுநாள் போட்டியாளரான ஜான் லிட்டில் பேரங்காடியையே வாங்கியது.

1972 நவம்பர் 21 காலையில் மூண்ட தீயில் அந்தக் கட்டடம் முழுவதும் அழிந்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். மின்சாரம் நின்றுபோனதால் மின்தூக்கியில் சிக்கிக்கொண்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அந்தக் கொடிய நாளுக்குப் பின்னும், அடுத்த மாதமே ஆர்ச்சர்ட் சாலையில் வேறொரு கட்டடத்தில் விற்பனை தொடங்கியது. எரிந்த இடத்தில் இன்று ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரம் நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் நடப்பவர்கள் அந்த ஒன்பது பேரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

குண்டும் நெருப்பும் ஒழிக்க முடியாத கடையை எது ஒழித்தது? துணி, காலணி, நறுமணப் பொருள், மெத்தை, பாத்திரம் என எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் தருவதுதான் பேரங்காடியின் பலம். ஆர்ச்சர்ட் சாலையில் கடைத்தொகுதிகள் பெருகியபோது அந்தப் பலத்தைக் கடைத்தொகுதிகளே எடுத்துக்கொண்டன. ராபின்சன்ஸ் அலமாரிகளில் விற்கப்பட்ட வணிகப் பெயர்கள் பலவும் அடுத்த வாசலிலேயே தமக்கெனத் தனிக்கடை திறந்தன. ஜான் லிட்டில் 2016இல் தன் கடைசிக் கடையை மூட நேர்ந்ததும் இதே காற்றில்தான். 2008இல் துபாயின் அல் ஃபுத்தைம் குழுமத்தின் கைக்குப் போன ராபின்சன்ஸோ, 2013இல் ஹீரன் கட்டடத்தில் பல தளங்களைக் கொண்ட பெருங்கடையைத் திறந்தது. வாடிக்கையாளர் சிதறத் தொடங்கிய காலத்தில் இடத்தை விரித்தது பெரும்பிழை என்றே கருதுகிறேன்.

என்னை அதிகம் வருத்துவது மூடிய விதம். மெத்தைக்கும் கட்டிலுக்கும் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டிய குடும்பங்கள், பொருள் வருமா என்று தெரியாமல் கடைக்கு விரைந்தன. ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது, ஈட்டுக் கடன் கொடுத்தவர்களுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பின்னால்தான் இத்தகைய வாடிக்கையாளர் நிற்க வேண்டியிருக்கிறது. சம்பளம் முன்னால் நிற்பது நியாயமே. ஆனால் ஒப்படைக்கப்படாத பொருளுக்காக வாங்கிய முன்பணத்தைக் கடையின் அன்றாடச் செலவில் கலக்கவிடாமல் தனிக்கணக்கில் வைக்கச் சட்டம் வற்புறுத்துமானால், நூற்றாண்டுப் பெயரை நம்பிப் பணம் கட்டியவர்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படமாட்டார்கள். இதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்து மூலம் கேட்கும்படி உங்கள் ஒவ்வொருவரையும் வேண்டுகிறேன்.