இலுப்பைப் பூவும் ஒரு சக்கரமும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நல்ல வேலைக்காக ஆள் குறைந்த ஊருக்குக் குடிபெயர்வது முன்னேற்றமா, ஏமாற்றமா? முன்னேற்றமே என்று பேச வந்திருக்கிறேன். புள்ளிவிவரம் கனமாக இருக்கிறது. அதை முதலில் இறக்கிவைத்துவிடுகிறேன்.

உலக மக்களில் 55 சதவீதம் பேர் நகரவாசிகள் என்று 2018-இல் ஐ.நா. கணக்குச் சொன்னது. எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் நாற்காலி காலியாகத்தானே கிடக்கும்? ஆஸ்திரேலியாவில், பெருநகரங்களுக்கு வெளியே போய் வேலை செய்ய ஒப்புக்கொள்கிறவர்களுக்கென்றே ஒரு விசா வைத்து, தகுதிக் கணக்கில் 15 புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள். மூன்று ஆண்டு உழைத்துக் காட்டினால் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜப்பானில் டோக்கியோவை விட்டுக் கிளம்பும் குடும்பத்துக்கு, குழந்தை ஒன்றுக்குப் பத்து லட்சம் யென் வரை தருவதாக 2023-இல் திட்டத்தை விரித்தார்கள். வா வா என்று கூப்பிடுகிற வாசல் இருக்க, 'தகவல் சொல்லி அனுப்புகிறோம்' என்கிற வாசலில் நிற்பானேன்? வாதம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் என்னைப் பார்த்து ஒரு பழமொழி எறிந்தார். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. இங்கே விலைபோகாதவர் அங்கே போய்ச் சர்க்கரையாகிவிட்டார்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முதல் வரிசையில் என் மைத்துனர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

ஐயா, ஆலையுள்ள ஊரில் சர்க்கரையின் கதி என்ன? மூட்டையாகக் கட்டி, எண் போட்டு, அடுக்கிவைப்பார்கள். நானும் அப்படி அடுக்கப்பட்டவன்தான். பெருநகரத்தில் நான் கடைசியாகப் போன நேர்காணலில் என் எண் 212. உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், "இருநூற்றுப் பன்னிரண்டு, நீங்கள் போகலாம், தகவல் வரும்" என்றார். ஆறு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது!

பிறகுதான் அந்தச் சின்ன ஊரில் கணக்காளர் வேலை கிடைத்தது. கடைசி பஸ்ஸில் போய் இறங்குகிறேன். இரவு ஒன்பதரை. கும்மிருட்டு. திடீரென்று முகத்தில் டார்ச் வெளிச்சம். "கணக்காளரா?" என்று ஒரு குரல். திருடனென்றால் தொழிலை விசாரிக்க மாட்டானே என்று, "ஆமாம்" என்றேன். "பெட்டியைக் கொடுங்கள். சக்கரம் உடைந்திருக்குமே!" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. என் பெட்டிச் சக்கரம் உடைந்தது இவருக்கு எப்படித் தெரியும்? பஸ் கண்டக்டர் முன்கூட்டியே போன் செய்துவிட்டாராம். வந்தவர் ஊரின் தண்ணீர்ப் பம்பை இயக்குகிறவர்.

இரண்டு பேரும் நடக்கிறோம். ஒரு ஜன்னல் திறந்தது. "வந்துவிட்டாரா?" "வந்துவிட்டார், சக்கரம்தான் போய்விட்டது." அடுத்த ஜன்னல். "எந்தச் சக்கரம்?" "இடது சக்கரம்." வீடு போய்ச் சேர்வதற்குள் ஒன்பது ஜன்னல்கள், நடுவர் அவர்களே! மறுநாள் மேலாளர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை. "சக்கரம் சரியாகிவிட்டதா?" என்றுதான் கேட்டார். ஒரு மாதம் கழித்து வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று தடுத்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "அட, நம் சக்கரம்! கொடுத்தனுப்பு" என்றார். ஆக, எதிரணித் தலைவர் கொஞ்சம்தான் பிசகினார். அந்த ஊரில் என் பெயர் சர்க்கரை இல்லை, சக்கரம்!

வேலையைச் சொல்ல மறந்துவிட்டேன். நகரத்து அலுவலகத்தில் மூன்று ஆண்டும் ஒரே ஒரு பதிவேட்டை மட்டுமே பார்த்தேன். இங்கே சம்பளம், வரி, கொள்முதல், தணிக்கை எல்லாம் என் மேசைக்கு வந்தன. வேறு மேசை இல்லை. ஐந்தாம் ஆண்டில் தலைமைக் கணக்காளர் ஆனேன். அந்த வேலை போனால் மறுவேலைக்கு எங்கே போவது, மனைவிக்கு வேலை எங்கே என்று எதிரணி கேட்டது. நல்ல கேள்விகள். எனக்குப் பின் பேசும் எங்கள் அணித் தோழர் பதில் சொல்வார்.

அவர் முறைக்கிறார். நான் மேலே போகிறேன்.

'மருத்துவமனை 40 கிலோமீட்டர்' என்றும் சொன்னார்கள். உண்மை. அந்த 40 கிலோமீட்டரையும் நான் படுத்தபடியே கடந்திருக்கிறேன். ஒரு நாள் மாலை வயிற்றில் குத்தல். எழுந்துபோய்ப் போனை எடுக்க முடியவில்லை. இருட்டிவிட்டது. ஏழரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுப் பாட்டி. "தம்பி, ஏழு மணிக்கு விளக்குப் போடுவாயே, இன்றைக்கு ஏன் போடவில்லை?" நான் முனகியது கேட்டிருக்க வேண்டும். அதே டார்ச், அதே பம்புக்காரர். கதவை நெம்பித் திறந்து, லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். குடல்வால். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

ஐயா, இலுப்பையில் பூ மட்டுமா இருக்கிறது? விதை இருக்கிறது. அதில் எண்ணெய் எடுத்துத்தான் முன்னோர் விளக்கேற்றினார்கள்.

வீடு திரும்பியதும் பாட்டியிடம் கேட்டேன், "என் விளக்கை ஏன் தினமும் பார்க்கிறீர்கள்?" பாட்டி சொன்னார்: "என் மூன்று பிள்ளைகளும் அந்தப் பஸ்ஸில்தான் ஏறிப் போனார்கள். அந்தப் பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கியவன் நீ ஒருவன்தான்."

நடுவர் மணியை எடுத்துவிட்டார், தெரிகிறது. இந்த மன்றத்துக்குக் கிளம்பும்போது பாட்டி வாசலில் நின்றார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை, பெட்டியை மட்டும் பார்த்தார். நாளை ஏழு மணிக்கு விளக்கு எரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. வணக்கம்.