அண்ணனின் பாட்டி எங்கள் அணி!

நடுவர் அவர்களுக்கும், ஆடித் திருவிழாவுக்குக் கூடியிருக்கும் காட்பாடி மக்களுக்கும் வணக்கம். காலையில் வயிறாரக் கூழ் ஊற்றி, ராத்திரி எங்களுக்கு மேடையும் போட்டுக் கொடுத்த விழாக் குழுவுக்கு நன்றி. வணக்கத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடுவர் கையில் மணி இருக்கிறது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். "ராத்திரிச் சாப்பாட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவது புதுச் சமையலா, பழைய கண்டிப்பா?" நான் புதுச் சமையல் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "எங்க பாட்டி களியைக் கிண்டி உருட்டிப் போட்டாங்க, வாய மூடிக்கிட்டு முழுங்கினோம். இந்தக் காலத்து அம்மாங்க தட்டுல கோலம் போடுறாங்க, அப்பவும் புள்ளைங்க தின்ன மாட்டேங்குதுங்க. பசிச்சா தானா தின்னும்!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசை அம்மாக்கள்கூடத் தட்டினார்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டுங்கள், பரவாயில்லை. நான் உட்காருவதற்குள் அந்தப் பாட்டியை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கத்திரிக்காய்க் கதை.

அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடி இருக்கிறதே, அதற்குப் பக்கத்து ஊர்தான் என் மாமியாருக்கு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். ஆனால் என் மாமியார் அதற்கு எப்போதோ குறியீடு கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பை நிறைய அதுதான் வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், "எண்ணெய் ஊத்தி வதக்குனா வெண்ணெய் மாதிரி கரையும் பாரு" என்று ஆரம்பித்துவிடுவார்.

என் மகனுக்கு அப்போது ஐந்து வயசு. கத்திரிக்காய் என்றால் அவனுக்கு ஆகாது. சாம்பாரில் ஒரு துண்டு தலைகாட்டினால் போதும், தட்டையே தள்ளிவிடுவான். ஏண்டா என்று கேட்டால் காரணமும் சொல்வான். "வழவழன்னு இருக்குது. உள்ள விதை இருக்குது. தோலு கறுப்பா இருக்குது." மூன்று குற்றச்சாட்டு. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

என் மாமியார் கண்டித்துப் பார்க்கவில்லையா? பார்த்தார். அண்ணனுடைய வழியேதான். "இதத் தின்னாத்தான் எழுந்திருக்கணும்" என்றார். அவன் என்ன செய்தான்? எழுந்திருக்கவே இல்லை! ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான், மாமியாருக்குச் சந்தோஷம். நேரம் போகிறது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தாயிற்று. இவன் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும்போது ஒரு கன்னம் மட்டும் உப்பி இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தால், கடைவாயில் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது நடுவர் அவர்களே! கடிக்கவில்லை, முழுங்கவில்லை, துப்பவும் இல்லை. எதிரணி நண்பர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் கண்டிப்பு கடைவாய் வரைக்கும்தான் போகும். தொண்டைக்குள் இறங்காது.

அப்புறம் ஒரு நாள் ஆம்பூரில் என் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டு நிக்காஹ். ஆம்பூரில் கல்யாணம் என்றால் என்ன விருந்து என்று கேட்பவர் இந்த மாவட்டத்துக்காரராக இருக்க முடியாது. பிரியாணிதான். சீரகச் சம்பா அரிசி, வரமிளகாய் அரைத்த விழுது, மூடியைத் திறந்தால் தெருக்கோடி வரை வாசம். பக்கத்தில் வெள்ளையாகத் தயிர்ப் பச்சடி. அதற்கும் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் எண்ணெய் மிதக்க, புளியும் எள்ளும் சேர்ந்த கத்திரிக்காய்ப் பச்சடி.

பையன் பிரியாணியைச் சாப்பிடுகிறான். சோற்றை எடுக்கும்போது விரல் அந்தப் பழுப்பில் பட்டுவிட்டது. விரலைச் சூப்பினான். நின்றான். மறுபடி தொட்டான், மறுபடி சூப்பினான். "ஆயா, இந்தக் குழம்பு இன்னும் கொஞ்சம்" என்றான். என் மாமியாருக்கு வாய் நிற்குமா? "டேய், அது..." என்று ஆரம்பித்தார். நான் மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். அந்தம்மா வாயை மூடிக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பேச்சுக்கு அவர் வாயை மூடியது அன்றைக்குத்தான்!

மறுநாள் ராத்திரி வீட்டில், "பிரியாணிக் குழம்பு வை" என்கிறான். பிரியாணி இல்லையே என்றால், "தோசைக்குத் தொட்டுக்கிறேன்" என்கிறான். என் மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எள்ளையும் மல்லாட்டையையும், அதாவது வேர்க்கடலையையும், வறுத்துத் தோல் புடைத்து, அம்மியில் வைத்து அரைத்தார். காயைச் சுட்டு, மசித்து, புளி ஊற்றி இறக்கினார். தோசைக்கு ஆயிற்று, அடுத்து சப்பாத்திக்கு ஆயிற்று, தயிர்சாதத்துக்கும் அதுவே ஆயிற்று.

கொஞ்சம் நிறுத்தி அந்தக் காட்சியைத் திரும்பிப் பாருங்கள். அதே பையன், அதே ஆயா, அதே இலவம்பாடிக் காய். எது மாறியது? வழவழன்னு இருக்குது என்றான், மசித்தாயிற்று. விதை இருக்குது என்றான், எள்ளோடு எள்ளாகப் போய்விட்டது. தோலு கறுப்பு என்றான், சுட்டு உரித்தாயிற்று. மூன்று குற்றச்சாட்டுக்கும் பதில் வந்துவிட்டது. அடம் என்று நாம் பெயர் வைத்தோமே, அதற்குள் பிள்ளை தெளிவாகக் காரணம் சொல்லிக்கொண்டு இருந்தான். காது கொடுத்தவர் சமைத்தார். அதுதான் புதுச் சமையல்.

கதை இன்னும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவர் காம்பில் இருக்கிற முள்ளைப் பார்த்துப் பார்த்து நறுக்குகிறார். "என்ன ஆயா பண்ற?" "உன் பிரியாணிக் குழம்புக்குத்தாண்டா." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். பையன் கத்திரிக்காயைப் பார்க்கிறான், சட்டியைப் பார்க்கிறான், மறுபடி கத்திரிக்காயைப் பார்க்கிறான். "இதுவா அது?" "ஆமாண்டா கண்ணு." ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் சொன்னான், "சரி, முள்ள மட்டும் எடுத்துடு!"

கை தட்டல் எல்லாம் என் மாமியாருக்கு. அங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சாம்பாரில் போட்டால் அவன் இன்றைக்கும் ஒதுக்கித்தான் வைக்கிறான். வைக்கட்டும், அது அவன் நாக்கு.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இரண்டு வயசிலிருந்து ஆறு வயசு வரைக்கும் தெரியாத உணவைக் கண்டு பிள்ளைகள் ஒதுங்குவது இயல்பு என்றுதான் குழந்தை வளர்ப்பு படித்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு உணவை 8 முதல் 15 தடவை வரை கண் முன்னால் வைத்த பிறகுதான் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதட்டி ஊட்டினால் அதன்மேல் வெறுப்புதான் கூடும். அமெரிக்காவில் எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வேலையைப் பிரித்தே கொடுத்துவிட்டார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. சரி, அந்த 15 தடவையும் அதே பொரியலை அதே மாதிரி வைத்துப் பாருங்கள், பிள்ளைக்கு முன்னால் வீட்டுக்காரர் எழுந்து ஓடிவிடுவார். ஒரு நாள் அடையில் துருவிப் போடு, ஒரு நாள் கூட்டாக வை, ஒரு நாள் துவையலாக அரை. பக்கத்திலேயே அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றும் இருக்கட்டும். "சுரைக்காயா, பீர்க்கங்காயா, நீயே சொல்லு" என்று கேளுங்கள். தான் சொன்ன காய் என்றால் அவனுக்கும் ஒரு பொறுப்பு வரும்.

இப்போது அண்ணனின் பாட்டிக்கு வருகிறேன்.

அண்ணே, களியை முழுங்கினேன் என்றீர்களே, எதைத் தொட்டு முழுங்கினீர்கள்? சொல்லுங்கள். என்ன? கருவாட்டுக் குழம்பா? ஒலிபெருக்கியில் விழவில்லை என்றால் நான் சொல்கிறேன், கருவாட்டுக் குழம்பாம்! தினமும் அதேவா? இல்லை. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, மறுநாள் கீரைக் கடைசல், அதற்கு மறுநாள் மல்லாட்டைத் துவையல். ஆற்காட்டுச் சீமையில் பாட்டிகள் கையில் இருந்ததெல்லாம் கேவுரு, அதாவது கேழ்வரகு, ஒன்றுதான். பகலுக்குக் களி. மிஞ்சினதைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கூழ். ராத்திரிக்கு முருங்கைக்கீரை போட்ட அடை. கீரை வேண்டாம் என்கிற பேரனுக்கு வெல்லம் போட்ட அடை. ஒரே மாவில் இத்தனை செய்தவளைக் கூட்டிவந்து "மாற்றாமல் போட்டாள்" என்று மேடையில் சாட்சி சொல்ல வைக்கலாமா?

தட்டில் கோலம் போடுகிறோம் என்று கேலி செய்தீர்கள். உங்கள் பாட்டி களியை உருட்டி வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அதில் குழம்பை நிறைத்துக் கொடுத்தாளே, அது எதற்காம்? குழம்பு தட்டில் ஓடாது என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் கண் முதலில் சாப்பிடட்டும் என்றுதான்! அந்தக் குழிதான் அண்ணே அவள் போட்ட கோலம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. அந்தக் கணக்கெல்லாம் அவள் பார்க்கவில்லை. பேரன் முகத்தைப் பார்த்தாள். நடுவர் அவர்களே, பாட்டி இந்த அணிக்கு வந்துவிட்டாள், குறித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கமே எங்கள் கட்சிதான். 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கினார். 2013 இல் அதே சத்துணவில் கலவைச் சாதம் சோதித்துப் பார்த்தார்கள். முட்டை அதே முட்டைதான், ஒரு நாள் மிளகு முட்டை, ஒரு நாள் தக்காளி மசாலா முட்டை. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வடிக்கிற இடத்தில் முடிகிற காரியம், நாலு பேர் வீட்டில் முடியாதா?

நேரம் எங்கே இருக்கிறது என்று எதிரணித் தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், ஷூ கம்பெனிக்குப் போய்விட்டு, இருட்டின பிறகு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களிடம் விருந்து சமை என்று நான் சொல்வேனா? மிச்சம் இருக்கிற இட்லியை உதிர்த்துக் கடுகு தாளித்தால் உப்புமா, நறுக்கிப் பொடி போட்டுப் பிரட்டினால் பொடி இட்லி. அதுவும் புதுச் சமையல்தான், பத்து நிமிஷ வேலை. அதை அந்த வீட்டு ஆம்பளைகளும் செய்யலாம்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நம்முடையது. இன்றைக்கு அதை நம்பி வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி நம் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். லாட்ஜ் அறையில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பொங்கித் தின்கிறார்கள். எங்கள் தெரு லாட்ஜில் அப்படி ஒரு பெண், கல்கத்தாப் பக்கம். கணவருக்குப் புற்றுநோய் வைத்தியம். எதை வாயில் வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிடுவாராம். நாற்பது வயசு மனுஷன், நம் பிள்ளைகளைவிடப் பெரிய அடம். அந்தப் பெண் ஒரு ராத்திரி கிச்சடி வைப்பாள். ஒரு ராத்திரி மீனை மெலிசாகக் குழம்பு வைப்பாள். ஒரு ராத்திரி உருளைக்கிழங்கை மசித்துக் கடுகெண்ணெய் விடுவாள். எல்லாம் திரும்பி வரும். திரும்பி வந்ததை அவள் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு என்ன செய்யலாம் என்று கடைத்தெருவுக்கு வருவாள். அந்த மனுஷனிடம் போய்க் கண்டிப்பு காட்டுவீர்களா அண்ணே? "பசிச்சா தானா தின்னும்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு நாக்கு வருமா?

ஒரு நாள் என் மாமியார் கிண்ணத்தில் அந்தக் கத்திரிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் ஊரிலும் கத்திரிக்காயைச் சுட்டு மசிப்பார்களாம். மறுநாள் அந்தப் பெண் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். வந்த இடத்தில் கற்ற தமிழில் சொன்னாள், "அக்கா, சாப்ட்டார். கொஞ்சம் சாப்ட்டார்." என் மாமியார் கிண்ணத்தை வாங்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் இஷ்டம். எதிரணி அண்ணனிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அண்ணியை உட்காரவையுங்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். கேட்டு, அதை நீங்களே செய்து சூடாகப் போடுங்கள். போட்ட பிறகும் கண்டிப்புதான் பெரியது என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லி அனுப்புங்கள், அடுத்த ஆடிக்கு நான் உங்கள் அணியில் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.