சாம்பல் என்ற சொல் ஏமாற்றும்

அவையோருக்கு வணக்கம்.

1982 ஜூன் 24, இரவு. லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து செல்லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம். நம் மீனம்பாக்கத்தைத் தொட்டுவிட்டுப் போகும் சேவைதான். கோலாலம்பூரைத் தாண்டி, ஜாவாவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் நான்கு இஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றுபோயின. ‘ஒரு சிறு சிக்கல். நான்கு இஞ்சின்களும் நின்றுவிட்டன’ என்று கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் அறிவித்தார். அதைச் சிறு சிக்கல் என்று சொல்லவும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்! விமானம் 13,000 அடி வாக்கில் தாழ்ந்த பிறகுதான் இஞ்சின்கள் மறுபடி உயிர் பெற்றன. ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி உப்புத்தாளால் தேய்த்ததுபோல் மங்கியிருந்தது. ஓரத்தில் மிஞ்சிய தெளிந்த கீற்று வழியாகத்தான் ஓடுபாதையைப் பார்த்தார்கள்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள கலுங்குங் எரிமலையின் சாம்பல் செய்த வேலை அது. சாம்பல் என்றதும் பாத்திரம் தேய்க்கும் அடுப்புச் சாம்பலை நினைத்துவிடாதீர்கள். இது பொடித்த பாறை, பொடித்த கண்ணாடி. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் இளகும். இஞ்சினுக்குள் அதைவிடக் கடுஞ்சூடு. உள்ளே உருகி, சற்றுக் குளிர்ந்த டர்பைன் பகுதியில் ஒட்டிக் காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. விமானியின் வானிலை ரேடார் தேடுவது மழைத்துளியை. இந்த உலர்ந்த தூள் அதன் கண்ணில் படுவதில்லை.

ஆகவே தரையிலிருந்துதான் எச்சரிக்க வேண்டும். அதற்காக உலகில் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. இந்தோனேசியாவைக் கவனிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம்.

காற்று எப்பக்கம் வீசும் என்பதைக் கணிப்பொறி நன்றாகவே சொல்லிவிடும். தகராறு வேறு இடத்தில். பக்கத்து அறையில் ஊதுபத்தி எரிகிறது. மின்விசிறி எத்திசையில் சுழல்கிறதென்று தெரியும், எத்தனை பத்தி எரிகிறதென்று தெரியாது. அதே நிலைமைதான். மலை எவ்வளவு கக்குகிறது என்பதைப் புகைத்தூணின் உயரத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். உயரம் இரண்டு மடங்கானால் சாம்பல் ஏறக்குறைய 16 மடங்கு! உயரத்தில் சிறிது பிசகினாலும் கணக்கு எங்கோ போய்விடும். செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கண் சாம்பலையும் நீர்மேகத்தையும் பிரித்தறியும் என்பது உண்மைதான். ஆனால் சாம்பல்மேல் பனிப்படிகம் படிந்துவிட்டால் அதுவும் ஏமாந்துபோகும்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட் எரிமலை வெடித்தபோது ஐரோப்பா கிட்டத்தட்ட ஒரு வாரம் வானத்தைப் பூட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. துளி சாம்பலும் கூடாது என்பதே அதுவரை விதி. எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி அப்போதுதான் சூடுபிடித்தது. கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது போன்ற வரம்புகள் அந்த அவசரத்தில் பிறந்தவை. இவ்வளவு பிந்திக் கேட்டார்களே என்பது என் மனத்தாங்கல்.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. ஆள்நடமாட்டம் குறைந்த அஃபார் பாலைநிலம். செயற்கைக்கோள்தான் முதன்மையான கண். பிரான்சின் துலூஸ் மையம் எச்சரிக்கை விடுத்தது. சாம்பல் செங்கடலைக் கடந்து, ஏமன், ஓமன் வழியாக மறுநாள் இரவு வட இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது. ஏர் இந்தியா சில விமானங்களை ரத்து செய்து, சாம்பல் பாதையில் பறந்தவற்றைச் சோதித்தது. டெல்லிக்காரர்களோ தங்கள் வழக்கமான நவம்பர்ப் புகையையே சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். எரிமலைச் சாம்பல் அவர்கள் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் சீனாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.