தாய் நாயைப் பார்த்த பிறகுதான் பணம்

வணக்கம் நேயர்களே. நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் 18 வருடமாக நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் தொழில் செய்கிறேன். என் மேசைக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் இப்போது டூடுல் என்கிற பூடில் கலப்பு நாய்கள்தான். லேப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்தால் லேப்ரடூடுல், கோல்டன் ரிட்ரீவருக்கும் பூடிலுக்கும் பிறந்தால் கோல்டன்டூடுல். சுருட்டை முடியும் பொம்மை முகமுமாக இருக்கும். பிள்ளைகள் பார்த்தால் விடமாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் தங்கை ஒன்று வாங்கினாள். போனில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பிவிட்டாள். விற்றவர், "என் வீடு தூரம், நீங்கள் ஏன் அலைய வேண்டும், நானே கொண்டுவருகிறேன்" என்றார். பெட்ரோல் போடும் இடத்தில் காரை நிறுத்தி, அட்டைப்பெட்டியோடு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் ரத்தமாகப் பேதி. நம் ஊரில் கேட்ஃப்ளூ என்கிறோமே, அந்தப் பார்வோ வைரஸ். டிரிப் ஏற்றியும் பிழைக்கவில்லை. தங்கை மகள் வைத்த பெயரைக் கூப்பிட்டுப் பழகுவதற்குள் குட்டி போய்விட்டது. அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்குமாம். சிமெண்டுத் தரையை ஜிக் ப்ளீச் கலந்த தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். புல்தரையை என்ன செய்வது? அந்த வருடம் முழுக்க வேறு குட்டி கொண்டுவர மருத்துவர் சம்மதிக்கவில்லை.

அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வந்தேன். குட்டி பிறந்த வீட்டுக்கு நேரில் போங்கள். தாய் நாயைக் கண்ணால் பாருங்கள். அதற்கு முன் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

டூடுல் ஏன் வேண்டும் என்று கேட்டால், "முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்பார்கள் பலர். அதன் கதையைக் கேளுங்கள். 1989இல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயில் பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. ஆனால் அவர் கணவருக்கு நாய் என்றால் அலர்ஜி. கான்ரன் லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த மூன்றிலேயே இப்படி! அலர்ஜி தருவது நாயின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். முடி கொட்டாவிட்டாலும் அது இருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், அந்தக் குட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இந்தக் கலப்பை ஆரம்பித்துவைத்ததற்காகக் கான்ரனே பிற்காலத்தில் வருத்தப்பட்டார். கண்டவர்களும் காசுக்காகக் குட்டி போட வைக்கிறார்களே என்றுதான்.

இன்னொரு தவறான பேச்சு, கலப்பு நாய்க்கு நோய் வராது என்பது. இடுப்பு மூட்டு நழுவும் கோளாறு பூடிலுக்கும் உண்டு, லேப்ரடாருக்கும் உண்டு, கோல்டனுக்கும் உண்டு. மெல்ல மெல்லப் பார்வை போகும் பரம்பரை நோயும் அப்படித்தான். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரேயும் கண்ணுக்கான மரபணுச் சோதனையும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "கூசா பேப்பர் இருக்கிறது" என்று யாராவது டூடுல் விற்றால் நம்ப வேண்டாம். கூசா, அதாவது நாய் இனங்களைப் பதியும் தென்னாப்பிரிக்கக் கென்னல் யூனியன், டூடுலைத் தனி இனமாகப் பதிவதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாகப் பேப்பர் இருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, நல்ல வீடு எப்படி இருக்கும்? தங்கை இரண்டாவது முறை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஹில்கிரெஸ்ட் பக்கம் ஒரு அம்மா. கதவைத் திறந்ததும் தாய் நாய்தான் முதலில் வந்தது. பால் கொடுத்துத் தொங்கிய மடி, கொஞ்சம் மெலிந்த உடம்பு, ஆனால் கண் தெளிவாக இருந்தது. என் கையை முகர்ந்தது. அப்புறம் தங்கை முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பயந்து மூலையில் ஒடுங்கும் தாயின் குட்டியை வாங்காதீர்கள், அந்தப் பயம் குட்டிக்கும் வரலாம். குட்டிகள் சமையலறையை ஒட்டி வளர்ந்தன. வாஷிங் மெஷின் ஓடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை நாய் எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதைக் கண்டு பின்னாளில் அவ்வளவாகப் பயப்படாது. அந்த அம்மா தினமும் ஒவ்வொரு குட்டியையும் தூக்கிக் காதைப் பிரித்துப் பார்ப்பாராம், நகம் வெட்டுவாராம். இப்படி வளர்ந்த குட்டி என் மேசையில் டிரையர் சத்தம் கேட்டு நடுங்காது. கூண்டிலிருந்து வந்தது நடுங்கும்.

நாங்கள் கேட்டதைவிட அவர் எங்களிடம் கேட்டதுதான் அதிகம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சுற்றுச்சுவர் உண்டா? தீபாவளி வெடிக்கு நாயை எங்கே வைப்பீர்கள்? பாயசத்துத் திராட்சை நாய்க்கு விஷம் என்று தெரியுமா? தங்கைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எனக்கோ நிம்மதியாக இருந்தது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தரமாட்டேன் என்றார். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருந்தன. என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் போடும் ரேபிஸ் ஊசி நம் பொறுப்பு. குவாசூலு நட்டாலில் அது சட்டப்படி கட்டாயம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டூடுல்தான் வேண்டும் என்றில்லாதவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் எஸ்பிசிஏ என்கிற விலங்குகள் காப்பகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வீடு தேடும் நல்ல நாய்கள் அங்கே இருக்கின்றன.

டூடுல் வாங்கினால் சீப்பும் வாங்க வேண்டும். டர்பன் புழுக்கத்தில் அந்த முடி சீக்கிரம் சடை பிடிக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில் முதலில் முடிச்சு விழும். மேலே பஞ்சுபோல இருக்கும். விரலை உள்ளே விட்டால் கம்பளிபோல இறுகியிருக்கும், அடியில் தோல் புண்ணாகியிருக்கும். அப்படி வரும் நாயை மொட்டையடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. தினமும் தோல் வரை சீவுங்கள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டுங்கள்.

போன சனிக்கிழமை தங்கையின் நாய் என் மேசையில் இருந்தது. குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் வயது, சீவி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பாதியில் தூங்கிவிட்டான். குட்டியைக் கொடுத்த அன்று அந்த அம்மா தாயின் வாசனை ஏற்றிய பச்சைத் துண்டு ஒன்றையும் கொடுத்தார். அது இன்னும் அவன் படுக்கையில்தான் கிடக்கிறது. தங்கை துவைக்க எடுத்தால் பின்னாலேயே போகிறான்.

நன்றி, வணக்கம்.